மலரில் ஏறும் வரலாறு: எந்தப் பழைய நாளிதழில் தேடுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு ரப்பர் தோட்டப்புற ஊரில் வரலாறு பெரும்பாலும் மலர்களில்தான் எழுதப்படுகிறது. பள்ளிக்கூட மலர், கும்பாபிஷேக மலர், தொழிற்சங்கக் கிளையின் ஆண்டு மலர். ஒரு மலரில் வந்த வருடம் அடுத்த மலருக்கு ஆதாரம் ஆகிவிடுகிறது. யார் முதலில் சொன்னது என்று பிறகு கேட்டால் பதில் இருக்காது. நேரு நம் ஊருக்கு வந்தார், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு 1948-ல் அறிவித்த அவசரகாலம் நம் ஊரில்தான் தொடங்கியது, பள்ளியைத் திறந்துவைத்தவர் இன்னார், கோயில் இந்த வருடம் கட்டியது. இவற்றில் பல உண்மை. சிலவற்றில் வருடம் தப்பு, சிலவற்றில் ஆள் தப்பு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, விவரம் தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருக்கிற சாட்சியத்தையாவது சரிபார்த்து எழுத வேண்டும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய நாளிதழ்கள் பல இன்று கணினியில் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் மலர்க்குழு என்றால் வேலைக்குப் போய்வந்து இரவில் உட்காரும் சில பேர், கொஞ்சம் பணம், அச்சகம் கொடுத்த கெடு. எல்லாவற்றையும் தேட முடியாது. எதில் தொடங்குவது, எதற்குப் பணம் கட்டுவது, எதற்காகக் கோலாலம்பூர் வரை போவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

என் முடிவை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். தேதிக்கு ஆங்கிலப் பத்திரிகை, ஆட்களுக்குத் தமிழ்ப் பத்திரிகை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் தொடங்குங்கள். அதில் தேதி கிடைத்ததும் அதே தளத்தில் தமிழ் முரசைப் புரட்டுங்கள். கையில் இருக்கும் பணத்தைத் தமிழ் நேசன் பார்க்கக் கோலாலம்பூர் போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் தேவை வந்தால் மட்டும்.

பேராக் ஊருக்கு எதற்குச் சிங்கப்பூர் நூலகம் என்று குழுவில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் பிரியும் வரை பத்திரிகைகளைப் பொறுத்தவரை இது ஒரே நிலப்பரப்பு. 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தீபகற்பம் முழுவதும் விற்றது. தோட்டத்துச் செய்தி, ரப்பர் விலை, துரைமார்களின் (வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்களின்) கூட்டம், நீதிமன்ற வழக்கு எல்லாம் அதில் வரும். மலாயா ட்ரிபியூன், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் போன்றவையும், பினாங்கில் அச்சான சில தாள்களும் அதே தளத்தில் இருக்கின்றன. வட பேராக்கைப் பற்றித் தேடுகிறவர்கள் பினாங்குத் தாள்களைத் தவறவிடக் கூடாது. பழைய இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். ஒரு சொல்லைத் தட்டினால் அது வருகிற செய்திகள் வரிசையாக வரும், வருடத்தைச் சுருக்கியும் தேடலாம்.

இது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு நம் ஊரின் பெரிய செய்தியையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று காலையிலேயே இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியன் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஊரில் இதைச் சொல்லும்போது மூன்று பேரும் ஒரே தோட்டத்தில் செத்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்கே நாடு முழுவதும் அவசரகாலம் வந்துவிட்டது என்பதும் அடிக்கடி காதில் விழும். முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் மட்டும்தான் அறிவித்தார்கள். மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் அது விரிந்தது ஜூன் 18-ல். ஜூன் 17, 18, 19 ஆகிய மூன்று நாள் தாள்களை வரிசையாகப் படித்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். நினைவிலிருந்து சொல்லும்போது இரண்டு மூன்று நாள் நடந்தது ஒரே நாளாகச் சுருங்கிவிடும். நாளிதழ் அதை மறுபடி நாள் நாளாகப் பிரித்துக் காட்டும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

தேடும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத் தாள்களில் சுங்கை என்பதை இன்றைக்கு எழுதுவது போல எழுதமாட்டார்கள். Sungai அல்ல, Sungei. இன்றைய எழுத்தை மட்டும் போட்டால் அந்தக் காலச் செய்திகளில் பெரும்பகுதி வராது. தெலுக் இந்தானுக்கு 1982 வரை தெலுக் ஆன்சன் என்றுதான் பெயர். கிள்ளான் துறைமுகத்துக்கு போர்ட் சுவெட்டன்ஹம் என்று போட வேண்டும். சிறிய ஊர்ச் செய்தி பக்கத்துப் பெரிய ஊரின் பெயரில் வருவதும் வழக்கம். அதனால் ஊர்ப் பெயரில் கிடைக்கவில்லை என்றால் கோலகங்சார், ஈப்போ என்று போட்டுப் பாருங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் தெரிந்தால் அதைத் தட்டுவது இன்னும் நல்லது. நாம் பேச்சில் வைத்திருக்கும் தோட்டப் பெயர் பல நேரம் ஏதாவது ஒரு துரையின் பெயரிலிருந்தோ கங்காணியின் பெயரிலிருந்தோ வந்திருக்கும், கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். வயதான கிராணி (தோட்டக் குமாஸ்தா) ஒருவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அப்புறம், மனதுக்குக் கஷ்டமான ஒன்று. போருக்கு முந்திய தாள்களில் நம்மவர்களுக்குப் பெயர் இருப்பது குறைவு. 'தமிழ்க் கூலி ஒருவன்' என்றுதான் வரும். அந்தச் சொல்லையும் போட்டுத்தான் தேட வேண்டும்.

ஆங்கிலப் பத்திரிகைக்கு எல்லை வருவதும் அங்கேதான். அது யாருக்காக அச்சானதோ அவர்களின் கண்ணால் பார்க்கும். கொலையுண்ட துரையின் வயது, ஊர், குடும்பம் எல்லாம் இருக்கும். அதே வாரத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பால்மரத் தொழிலாளிக்குப் பெயர்கூட இருக்காது. வேலைநிறுத்தம் நடந்தால் துரைமார் சங்கம் என்ன சொன்னது, ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி என்ன சொன்னார் என்று பத்தி பத்தியாக வரும். தொழிலாளி என்ன கேட்டான் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும்.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அதில் முன்னணியில் நின்று, கைதாகி, நாடு கடத்தப்பட்ட ஆர். எச். நாதன் தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் இருந்தவர். போராட்டத்தின் தலைவரே தமிழ் நாளிதழில் வேலை பார்த்தவர் என்னும்போது, ஆங்கிலத் தாளை மட்டும் படித்துவிட்டு அந்தப் போராட்டத்தை எழுதுவது எப்படிச் சரியாகும்?

அதனால்தான் இரண்டாவது இடம் தமிழ் முரசுக்கு. கோ. சாரங்கபாணி 1935-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக வந்ததால் கள், சாதி, சீர்திருத்தத் திருமணம், தோட்டப் பள்ளி பற்றியெல்லாம் அதில் ஆர்வமாக எழுதினார்கள். ஊர் ஊராகக் கூட்டச் செய்தி வரும். யார் தலைமை, யார் நன்றியுரை, எந்த வாலிபர் சங்கம் ஏற்பாடு செய்தது என்ற விவரம் வரும். மலர்க்குழுவுக்கு வேண்டியது இதுதான். நம் தாத்தா பெயர் அச்சில் வந்திருக்கும் என்றால் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸைவிட முரசில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆனால் முரசைத் தேடுபெட்டியில் தேடி முடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பழைய ஈய எழுத்து, மங்கிய மை, தும்பிக்கை போட்ட லை, ணை, இன்றைய வடிவத்தில் இல்லாத ணா, றா. இயந்திரம் இவற்றைப் படிப்பதில் தடுமாறும். ஊர்ப் பெயரையும் அன்றைக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். அதனால் ஆங்கிலத்தில் தேதியைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தேதியிலிருந்து ஒன்று இரண்டு வாரத்துக்கு முரசைப் பக்கம் பக்கமாகக் கண்ணால் புரட்டுவதுதான் வழி. நிருபர் எழுதி தபாலில் அனுப்பி அச்சாக நாளாகும், ஆகவே மறுநாள் தாளோடு நிறுத்திவிட வேண்டாம். இது பொறுமை கேட்கிற வேலை. குழுவில் பழைய தமிழ் எழுத்துப் பழக்கமுள்ள ஒரு மூத்தவரை உட்கார வைத்தால் பாதி நேரத்தில் முடியும், அவருக்கும் அதில் சந்தோஷம் இருக்கும்.

மூன்றாவது, தமிழ் நேசன். 1924 செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கியது. 2019 ஜனவரி கடைசியில் நின்றது. இடையில் தொண்ணூறு ஆண்டுக்கு மேல். பேராக், சிலாங்கூர் தோட்டங்களுக்கு முரசைவிட நெருக்கமான பத்திரிகை. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, தொழிற்சங்கக் கிளைத் தேர்தல், மரண அறிவிப்பு எல்லாம் இதில்தான் அதிகம் இருக்கும். கஷ்டம் என்னவென்றால் முரசைப் போல வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது. பெரிய நூலகங்களில் நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருளாகவோ கட்டிய தொகுதியாகவோதான் பார்க்க வேண்டும். தேசிய நூலகம், மலாயாப் பல்கலைக்கழக நூலகம் இரண்டுக்கும் முதலில் எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய ஆண்டு இருக்கிறதா, சுருள் ஓட்டும் இயந்திரம் வேலை செய்கிறதா, நகல் எடுக்கலாமா, வெளியாட்கள் வர என்ன கடிதம் வேண்டும் என்பதையெல்லாம் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் மின்சார ரயில் நிற்கிறது, காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஆனால் தேதி இல்லாமல் போனால் சுருளைச் சுற்றிச் சுற்றியே பொழுது போய்விடும். ஒரு மாதத்துத் தாளை ஓட்டிப் பார்க்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒரு தரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தேதிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அந்தப் பயணச் செலவு வீணாகாது.

மற்ற மூன்று தளங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம் இலவசம். இயந்திரம் தப்பாகப் படித்த வரிகளை வாசகர்களே திருத்தலாம் என்பதால் தேடல் நன்றாக இருக்கும். அதில் பெரும்பாலும் 1954 வரையிலான தாள்கள். மலாயாவில் துரைகள் கொல்லப்பட்டது போன்ற பெரிய செய்திக்கு உதவும், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு உதவாது. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவில் தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கக் கட்டணம். தோட்டக் கம்பெனியின் லண்டன் கூட்டம், பங்கு விற்பனை, துரையின் குடும்பம் பற்றி ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் அங்கே போகலாம். பணம் கட்டுவதற்கு முன் இலவசத் தேடலில் உங்கள் தோட்டப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கட்ட வேண்டாம்.

கூகுள் நியூஸ் ஆர்க்கைவ் பலருக்குத் தெரியாது. பழைய தாள்களைப் படமெடுக்கும் வேலையை கூகுள் 2011-ல் நிறுத்திவிட்டது, ஆனால் எடுத்தவை இன்னும் இருக்கின்றன. அதில் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உண்டு. சொல் போட்டுத் தேடுவது சரிப்படாது, தேதியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். 1965-க்குப் பிறகு சிங்கப்பூர்த் தாள்களில் நம் ஊர்ச் செய்தி குறைந்துகொண்டே போகும். 1970கள், 80களில் நடந்ததைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

இனி எந்தக் கூற்றுக்கு எது பொருந்தும் என்பதற்கு வருவோம். பிரமுகர் வருகை என்றால் ஆங்கிலத் தாளே போதும், அநேகமாக ஒரே மாலையில் முடிந்துவிடும். நேரு மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தது 1937-ல், மறுபடி வந்தது 1946 மார்ச்சில். ஊர்க் கதைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆகவே இரண்டு ஆண்டிலும் தேட வேண்டும். பயணத்திட்டம் நாள்வாரியாக வந்திருக்கும், நம் ஊர் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். திட்டத்தில் இல்லை என்பதற்காகவே வரவில்லை என்று எழுதிவிட வேண்டாம். ரயில் நின்ற நேரத்தில் மாலை போட்டிருப்பார்கள், சாலையோரத்தில் கார் நின்றிருக்கும். அந்த மாதிரி விவரம் தமிழ்த் தாளில் கிடைக்கலாம். நம் ஊர் மகாத்மா காந்தி கலாசாலையை 1954-ல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார் என்பதும் இந்த வகைதான். அப்போது ஐ.நா. பொதுச்சபைத் தலைவராக இருந்தவரை எந்தப் பத்திரிகையும் விட்டுவைத்திருக்காது.

கைது, வழக்கு, தூக்குத் தண்டனை போன்றவற்றிலும் ஆங்கிலத் தாளின் தேதியை நம்பலாம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தேதியில் சந்தேகம் வந்தால் அந்த வாரத்துத் தாள்களைத் திறந்தாலே போதும். ஆனால் அவர் எப்படிப்பட்டவர், தொழிலாளிகள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அதே தாளிலிருந்து எடுக்கக் கூடாது. அரசாங்க அறிக்கையைத்தான் பெரும்பாலும் அப்படியே போட்டிருப்பார்கள்.

தோட்டப் பள்ளி தொடங்கிய ஆண்டு, கோயில் கட்டிய ஆண்டு இரண்டுக்கும் நாளிதழை முதலில் தேடுவது நேரத்தை வீணாக்கும். 1923-ன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதற்குப் பிறகு ஆயாக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்) பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகை, பாடம் சொல்ல ஒரு கங்காணி அல்லது கிராணி என்று எத்தனையோ பள்ளிகள் சத்தமில்லாமல் தொடங்கின. எந்த நிருபர் வந்து அதை எழுதியிருப்பார்? இதற்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கல்வி இலாகாக் கடிதம், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அரசாங்கக் கோப்பு, கோயிலில் இருக்கும் கல்வெட்டு அல்லது மணியில் பொறித்த வருடம் இவைதான் சரி. நாளிதழில் புதுக் கட்டட திறப்பு விழா கிடைக்கலாம். அதைப் பள்ளி தொடங்கிய ஆண்டாக எடுத்துக்கொண்டால் பள்ளியின் வயதில் பல வருடம் குறைந்துவிடும்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பழைய தோட்டக் குடும்பத்திலும் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன ஒருவர் உண்டு. போய்த் திரும்பாதவர்களும் உண்டு. 1942, 43-ம் ஆண்டுத் தாள்களில் இதைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அப்போது சிங்கப்பூரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் கிடையாது, ஜப்பானியர் நடத்திய சியோனான் டைம்ஸ், பிறகு சியோனான் ஷிம்பூன்தான். அது இதை எழுதாது. 1945 செப்டம்பருக்குப் பிந்திய தாள்களில், உயிரோடு திரும்பியவர்களைப் பற்றிய செய்திகளிலும் போர்க்குற்ற விசாரணைச் செய்திகளிலும் தேடுங்கள். அங்கேயும் உங்கள் தோட்டத்து ஆளின் பெயர் இருக்காமல் போகலாம். அந்த இடத்தில் பாட்டியின் சொல்தான் முதல் ஆதாரம். அதைப் பத்திரிகை உறுதிப்படுத்தவில்லை என்பதற்காக மலரிலிருந்து எடுப்பது பெரிய அநியாயம்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று ஆங்கிலத் தாளில் ஒரே செய்தி வந்தால் மூன்று சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் தந்தியையோ அரசாங்க அறிக்கையையோ மூவரும் அச்சடித்திருப்பார்கள். வாக்கியங்கள் ஒன்றாக இருந்தால் அது ஒரே சாட்சிதான். ஓர் ஆங்கிலத் தாளும் ஒரு தமிழ்த் தாளும் தனித்தனி நிருபர் எழுதி ஒத்துப்போனால் அதற்கு எடை அதிகம். முதல் நாள் வந்த எண்ணிக்கை மறுநாள் மாறுவதும் சகஜம். ஆகவே இறந்தவர், கைதானவர் தொகை எழுதும்போது ஒரு வாரத்துத் தாளையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மலரில் எழுதும்போது கிடைத்ததைக் கிடைத்த மாதிரியே பிரித்து எழுதலாம். உறுதியானதற்குப் பத்திரிகை பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் அடைப்பில் போடுங்கள். இணைய முகவரி மட்டும் போட்டால் பத்து வருடத்தில் அது வேலை செய்யாமல் போகலாம். உறுதியாகாததை 'ஊரில் பெரியவர்கள் சொல்வது' என்று எழுதி, சொன்னவர் எந்தத் தோட்டத்தில் எந்தக் காலத்தில் இருந்தார் என்பதைச் சேர்த்தால் அடுத்து தேடுகிறவருக்கு வழி கிடைக்கும். பத்திரிகையும் பெரியவர்களும் முரண்பட்டால் இரண்டையும் போடலாம், ஒன்றை அழிக்க வேண்டியதில்லை.

பக்கத்தின் படத்தை மலரில் அச்சிட ஆசைப்படுவீர்கள். பழைய தாள் படம் இருந்தால் மலருக்கே ஓர் அழகு வரும். ஆனால் இலவசமாகப் படிக்கலாம் என்பது வேறு, மறுபடி அச்சிடலாம் என்பது வேறு. பத்திரிகை உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், பதில் வர நாளாகும். தேதிகள் உறுதியான வாரத்திலேயே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். அனுமதி வராவிட்டால் செய்தியை உங்கள் வார்த்தையில் எழுதி, தேதியும் பக்க எண்ணும் கொடுத்தால் போதும்.